ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல்

அதை மேலே வைக்காதீர்கள் சார், மடியிலேயே இருக்கட்டும். விராலிமலை தாண்டினால் இந்த டிரைவர் ஸ்பீடு பிரேக்கரைப் பார்ப்பதே இல்லை. பெட்டி நேராக என் தலையில் இறங்கும். என் தலைக்கு ஒன்றும் ஆகாது, பதினாலு தையல் போட்டுப் பழகிய தலை. கிதார்தான் தாங்காது.

கிதார்தானே? பெட்டியின் இடுப்பைப் பார்த்தாலே தெரிகிறது. மகளுடையதா? ரிப்பேருக்கு மதுரை கொண்டு போகிறீர்களா? உங்களுக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாதா? ரொம்ப நல்லது. ஒன்றும் தெரியாத ஆளிடம் பேசுவதில் ஒரு சுகம் இருக்கிறது, குறுக்கே பேச மாட்டார்.

கழுத்துப் பலகையில் குறுக்கே குறுக்கே கம்பி பதித்திருக்கிறதே, ஏணிப்படி மாதிரி, அதற்குப் பெயர் ஃப்ரெட். மகள் விரலை வைத்துத் தந்தியை அதன் மேல் அழுத்தினால் சுரம் வரும். அழுத்தி அழுத்தி அதில் பள்ளம் விழும். பள்ளம் விழுந்தால் தந்தி சரியாக உட்காராது, கர்ர் என்று இரையும். அப்புறம் பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதுசு அடிக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். மதுரைக்காரர் என்ன கேட்டார்? "ஜெர்மன் சில்வர் போடவா, எவர்சில்வர் போடவா, யோசித்துச் சொல்லுங்கள்" என்றாரா?

அப்படியே கேட்டாரா?

சார், அந்தக் கேள்வியால் இந்த ஜில்லாவில் எத்தனை மண்டை உடைந்திருக்கிறது தெரியுமா? நாற்பத்தொன்று. போலீஸ் கணக்கு பன்னிரண்டு. அவர்கள் தலையில் கட்டுப் போட்டவர்களை மட்டும் எண்ணினார்கள். நான் கொட்டகைக்குள் இருந்தவன், எனக்குத் தெரியும்.

என் பெயர் அருளப்பன். பாலக்கரையில் ஐம்பது வருஷமாகக் கிதார் ரிப்பேர். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மீதி உங்களுக்கு விளங்கும். நான் கை நீட்டுகிற ஆள் இல்லை. என் வாழ்க்கையில் ஒரு மனிதனை நான் கை நீட்டி அடித்ததில்லை. பாலக்கரையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கேட்கிற ஆளைப் பார்த்துக் கேளுங்கள், சில பேருக்கு என் மேல் காழ்ப்பு உண்டு.

பெலவேந்திரன் என்று ஒருத்தன். மின்னல் இன்னிசைக் குழுவில் லீட் கிதார். கிதாருக்கு வருவதற்கு முன்னால் வெல்ல மண்டியில் மூட்டை தூக்கியவன். இடது கக்கத்தில் ஒரு மூட்டை, வலது கக்கத்தில் ஒரு மூட்டை, இரண்டையும் இறக்காமல் பீடி பற்றவைப்பான். தேங்காய் உடைக்க அவனுக்குக் கல் வேண்டாம், இப்படி ஒரு அமுக்கு. குழுவின் டிரம்மர் ஒரு தடவை அரைத் தட்டு முன்னால் முடித்துவிட்டான் என்று மேடையிலேயே வாயில் ஒரு குத்து விட்டான். இன்றைக்கும் அந்த டிரம்மர் "சேசுவே" என்று ஜெபம் தொடங்கினால் கோவிலில் விசில் சத்தம் கேட்கும்.

அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு கிதார் வாசித்தான் சார். வாசிப்பு என்றால் அது வாசிப்புதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஃப்ரெட் என்ன பாவம் செய்தது? சாதாரண ஆளுக்கு ஜெர்மன் சில்வர் ஏழெட்டு வருஷம் உழைக்கும். இவனுக்கு எழுபது நாள். பொங்கலுக்கு அடித்துக் கொடுத்தேன், பங்குனியில் வந்து நின்றான். கிதாரை என் மேஜையில் போட்டான்.

"என்னய்யா போட்ட? கம்பியா, கத்திரிக்காயா?"

"அசல் ஜெர்மன் சில்வர், தம்பி."

"பள்ளம் விழுந்து கர்ர்ன்னு இரையுது. போன வாரம் மேடையில, எவன் ஏப்பம் விட்டான்னு முன்வரிசைக்காரன் திரும்பித் திரும்பிப் பாக்குறான். என் மானம் போகுது."

"நீ அழுத்துற அழுத்தம் கொஞ்சம்..."

அவ்வளவுதான் சொன்னேன். காலரைப் பிடித்துத் தூக்கினான். கடையில் கிதார் மாட்டுகிற ஆணி இருக்கிறது, ஆறடி உயரத்தில். அதில் என்னை மாட்டினான். சட்டையோடு. கிதார்களுக்கு நடுவில் ஒரு கிதாராக நான் தொங்குகிறேன். நான் கை நீட்டுகிற ஆள் இல்லை என்று சொன்னேனா? பக்கத்தில் சுத்தி தொங்கியது. ஃப்ரெட் அடிக்கிற சுத்தி, பித்தளைத் தலை, ரொம்ப மிருதுவானது. அதை எடுத்து அவன் உச்சந்தலையில் ஒரு தட்டு தட்டினேன். ஃப்ரெட்டைத் தட்டுகிற மாதிரியேதான். அவனுக்குக் கொஞ்சம் ரத்தம் வந்தது, மூக்கு வரைக்கும் வழிந்தது. என் சுத்தியோ சப்பையாகிவிட்டது. யாருக்கு நஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அவன் ரத்தத்தைத் துடைத்துப் பார்த்தான். சிரித்தான் சார். அடித்திருந்தால்கூடப் பயந்திருக்க மாட்டேன்.

"அருளப்பா, சித்திரை பதினஞ்சு புதுக்கோட்டைப் பக்கம் ஒரு காதுகுத்துக் கச்சேரி. தாய்மாமன் சீரோட வர்றப்ப நான் தனியா வாசிக்கணும். அதுக்குள்ள புது ஃப்ரெட் போட்டுக் குடு. அன்னிக்கு எந்த ஃப்ரெட் இரையுதோ, அதுக்கு உன் வெரல் ஒண்ணு. ஒடைச்சுடுவேன். ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு வெரல்."

எனக்குத் தொழில் புத்தி பாருங்கள், ஆணியில் தொங்கும்போதும் கணக்கு ஓடுகிறது. "தம்பி, கிதார்ல ஃப்ரெட் இருபத்திரண்டு. எனக்கு வெரல் பத்துதானே?"

"கால்ல பத்து இருக்கு."

"இருபதுதான் ஆச்சு."

"காது ரெண்டு. காதுகுத்துதானே, பொருத்தமா இருக்கும்."

என்னை இறக்கிவிடாமலே போய்விட்டான். பிலோமி, என் சம்சாரம், சாப்பாட்டுத் தூக்கோடு மத்தியானம் வருகிற வரைக்கும் தொங்கினேன். அவள் வந்து நின்று பார்த்தாள். "இதுவும் ரிப்பேருக்கு வந்ததா?" என்றாள்.

இப்போது யோசியுங்கள் சார். ரிப்பேர்க்காரனுக்கு விரல் போனால் என்ன மிச்சம்? என்ன கம்பி போடுவது? பித்தளை குத்துவிளக்குக்கு நல்லது, பெலவேந்திரன் கைக்கு மூன்று நாள் தாங்கும். ஜெர்மன் சில்வர் எழுபது நாள். கச்சேரிக்கு முப்பது நாள்தான் இருந்தது, ஜெர்மன் சில்வரே அடித்துக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க மாட்டீர்களா? நல்லது. மற்ற எல்லாரும் கேட்டார்கள். அப்புறம் ஜட்ஜும் கேட்டார். முப்பது நாள் அவன் சும்மா வைத்திருப்பானா? ராத்திரி பகல் பயிற்சி செய்வானே! அப்படியே கச்சேரி ஒப்பேறினாலும் எழுபத்தோராம் நாள் மறுபடி ஆணியில் தொங்குவது யார்? தேயவே தேயாத கம்பி வேண்டும். அப்படி ஒன்றுதான் இருக்கிறது. எவர்சில்வர்.

எவர்சில்வர் என்றால் என் மச்சான் இருதயசாமியிடம் போக வேண்டும், பிலோமிக்கு அண்ணன். அரியமங்கலத்தில் பாத்திரப் பட்டறை. கல்யாணத்தில் எனக்குப் போட்ட மோதிரத்தைப் பற்றி நான் ஒரு உண்மை சொன்னேன், அதிலிருந்து பதினெட்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. பிலோமி என்னை ஆட்டோவில் ஏற்றி அழைத்துக்கொண்டு போனாள். அவர் எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க மாப்பிள்ளை. ஜெர்மன்லேர்ந்து எப்ப வந்தீங்க?"

"மச்சான், ஒரு அவசரம்."

"உங்க ஜெர்மன் சில்வர்ல ஜெர்மனும் கிடையாது, சில்வரும் கிடையாது. உங்களை மாதிரியே, பேரு மட்டும்தான்."

சொன்னதில் பாதி உண்மைதான். அதில் செம்பு, நிக்கல், துத்தநாகம், அவ்வளவுதான், வெள்ளி பொட்டுக்கூட இல்லை. ஆனால் "உங்களை மாதிரியே" என்றாரே! நான் கை நீட்டுகிற ஆள் இல்லை. என் கையில் ஒரு குடம் இருந்தது, அது நீண்டது. அவருக்கு முன்பல் ஒன்றரை போயிற்று. உடனே அவர் ஒரு அண்டாவை எடுத்து என் தலையில் கவிழ்த்து, கல்யாணக் கரண்டியால் பூசை மணி அடிக்கிற மாதிரி அடித்தார். நாலு நாள் எனக்கு யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரியே கேட்டது. நானும் விடவில்லை, அண்டாவோடு ஓடிப்போய் அவர் வயிற்றில் முட்டினேன். அவர் தாம்பாள அடுக்கின் மேல் விழுந்தார். அந்தத் தாம்பாளச் சத்தம் பொன்மலை வரைக்கும் கேட்டு, ரயில்வே ஆட்கள் சங்கு ஊதிவிட்டது என்று வேலையை முடித்து வீட்டுக்குப் போய்விட்டார்களாம்.

கடைசியில் பிலோமிதான் ஒரு ஜல்லிக் கரண்டியால் எங்கள் இருவரையும் சமமாக அடித்தாள். சமமாக என்று அவள் சொல்கிறாள். எனக்கு இரண்டு அடி கூட.

"வெரல் இல்லாம எப்படிச் சோறு பெசைவீங்க? நான் ஊட்டமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். அண்ணே, ஒழுங்காக் கம்பி இழுத்துக் குடு."

இருதயசாமி வாயில் ரத்தத்தோடு கம்பி இழுத்தார். குறை சொல்லக்கூடாது, வேலை சுத்தம். ஆனால் ஒன்று, சார், கவனியுங்கள், இங்கேதான் விஷயம் இருக்கிறது. கடையில் வாங்குகிற ஃப்ரெட் கம்பிக்கு அடியில் வால் மாதிரி ஒரு தகடு உண்டு. அதில் முள் முள்ளாக இருக்கும். பலகையில் அறுத்த கீறலில் வைத்துச் சுத்தியால் தட்டினால் முள் மரத்தைக் கவ்விக்கொள்ளும், அப்புறம் அசையாது. மச்சான் இழுத்த எவர்சில்வரில் வால் இருந்தது, முள் இல்லை. டிபன் கேரியரின் விளிம்புக்கு எதற்கு முள்?

பழைய ஃப்ரெட்டுகளைச் சூடு காட்டிக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மரம் ஒரு சில்லு பெயரவில்லை. அது என் கை. புதுசை அடிக்க ஆரம்பித்தேன். அடித்தால் உட்காருகிறது, சுத்தியை எடுத்தால் எழுந்திருக்கிறது. எவர்சில்வருக்கு ரோஷம் அதிகம், வளைத்தாலும் நிமிர்ந்துவிடும். இரண்டு அரம் மொட்டையாயிற்று. ஒரு ஃப்ரெட் எகிறிப் போய், மேற்பார்வை பார்க்க வந்திருந்த மச்சானின் புருவத்தைக் கிழித்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் பெரிய வெள்ளிக்கிழமையில் குத்திக்கொண்டு நின்றது. அவர் அது நான் வேண்டுமென்றே செய்தது என்றார். அது இல்லை, அடுத்து எகிறிய இரண்டாவது ஃப்ரெட்தான் வேண்டுமென்றே.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

கிதாருக்கு வருவதற்கு முன்னால் நான் தஞ்சாவூரில் ஒரு வீணைப் பட்டறையில் ஆறு வருஷம் இருந்தவன். வீணைக்கும் இதே மாதிரி குறுக்குக் கம்பி உண்டு, இருபத்துநாலு. அதை யாரும் சுத்தியால் அடிப்பதில்லை. மெழுகில் நிறுத்துவார்கள். தேன்மெழுகு, குங்கிலியம், கரி மூன்றையும் காய்ச்சி ஊற்றி, இளஞ்சூட்டில் கம்பியைப் பதித்து, காதால் கேட்டுக் கேட்டு நகர்த்திச் சரி பண்ணுவார்கள். ஆறினால் கல். கிதாருக்கு ஏன் இதைச் செய்யக்கூடாது? கீறல் நிறைய மெழுகு, அதில் எவர்சில்வர். உலகத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை, சார்.

மச்சான் புருவத்தில் துணியை அமுக்கிக்கொண்டு கேட்டார். "நிக்குமா?"

"மாமிங்க தலைமுறை தலைமுறையா மெழுகுலதான் வாசிக்கிறாங்க."

"மாமிங்க சித்திரை வெயில்ல தகரக் கொட்டகையில உக்காந்து வாசிக்கிறாங்களா?"

இப்படிப் பொறாமை பிடித்துப் பேசுகிறவரிடம் என்ன சொல்வது? என் கையில் மெழுகுக் கரண்டி இருந்தது, கொதிக்கக் கொதிக்க. கொஞ்சம் சரிந்தது. அவர் பாதத்தில் விழுந்தது. அவர் பேச்சை நிறுத்தினார்.

துவரங்குறிச்சி வந்துவிட்டதா? முறுக்கு வாங்கிக்கொள்ளுங்கள் சார், எனக்கும் ஒன்று. பல் நன்றாகத்தான் இருக்கிறது. எழுபத்திரண்டு வயதில் முப்பத்திரண்டும் சொந்தம்.

கிதார் தயாரானது. பெலவேந்திரன் காலையில், கடைக்குள் ஈரத்தரையின் குளிர்ச்சியில் உட்கார்ந்து, ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரைக்கும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்திப் பார்த்தான். கண்ணாடி சார். வெண்ணெய். தந்தியை இழுத்து வளைத்தால் பனிக்கட்டியில் சறுக்குகிற மாதிரி போகிறது. ஒரு இரைச்சல் இல்லை. அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. என்னைக் கட்டிப்பிடித்தான், எனக்கு விலாவில் ஒன்று விரிசல் விட்டது. சந்தோஷத்தில்தான்.

"கச்சேரிக்கு நீயும் வா. மேடையில என் பக்கத்துல உக்காரு. இரைஞ்சா உன்னைத் தேடிக்கிட்டுத் திருச்சி வரைக்கும் வர வேண்டாம் பாரு" என்றான்.

அந்த ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன், கேஸ் இன்னும் நடக்கிறது. சித்திரை பதினைந்து, பகல் பன்னிரண்டு மணி. தகரக் கொட்டகை. பக்கத்திலேயே பதினெட்டு அடுப்பில் கறி விருந்து. வெயிலும் நெருப்பும் சேர்ந்து காக்கை கொட்டகையின் மேல் உட்கார்ந்தால் வறுவலாகி விழுகிறது. நான் ஒன்று தின்று பார்த்தேன். மாலை போட்ட குழந்தை, ஊசியோடு ஆசாரி, எல்லாரும் தாய்மாமனுக்காகக் காத்திருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாததா? தாய்மாமன் சீர் கொண்டு வந்து, மடியில் உட்காரவைத்தால்தான் காது குத்தலாம். அவரை எப்படி வரவேற்கிறார்கள் என்பதில்தான் இரண்டு குடும்பத்தின் மானமும் இருக்கிறது. அந்தத் தாய்மாமனுக்கும் குழந்தையின் அப்பா வீட்டுக்கும் ஏற்கெனவே ஒரு வாய்க்கால் தகராறு.

முதல் பாட்டில் ஒன்றும் இல்லை. இரண்டாவது பாட்டில் பெலவேந்திரனின் விரல் நுனி கறுப்பாகிறது. வேர்வை அழுக்கு என்று நினைத்தேன். மெழுகு, சார். மூன்றாவது பாட்டு நடுவில் ஏழாவது ஃப்ரெட், ரோஷக்காரக் கம்பி, ஒரு பக்கம் மெல்ல எழுந்து எட்டிப் பார்த்தது.

கர்ர்.

பெலவேந்திரன் வாசிப்பை நிறுத்தவில்லை. முகத்தைச் சபைக்குச் சிரித்தபடி வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பி, உதட்டை அசைத்தான். "ஒண்ணு."

நான் என் சுண்டுவிரலைப் பார்த்தேன். மோதிரம் போட வசதியில்லாத விரல், போனால் போகட்டும் என்று மனதைத் தேற்றினேன். கர்ர். "ரெண்டு." அதற்குள் பன்னிரண்டாவது ஃப்ரெட்டும் எழுந்தது. "மூணு." கிதாரின் கழுத்திலிருந்து கறுப்பாக ஒழுகுகிறது. "ஆறு" வரும்போது நான் இடது கையை முடித்துவிட்டு வலது கைக்கு வந்துவிட்டேன், சார். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக ஒரு கச்சேரியைக் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்துத் தாய்மாமன் வந்தார். இந்த அகலத்துக்கு மீசை. பின்னால் ஐம்பத்தொரு சீர்த்தட்டு, கொட்டு, வெடி, மாலை போட்ட கிடாய். ஒலிபெருக்கியில் அறிவிப்பு. எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். பெலவேந்திரன் தனியாக வாசிக்க வேண்டிய இடம். உச்சஸ்தாயியில் ஒரு தந்தியைப் பிடித்து, வெல்ல மண்டி பலம் அத்தனையும் போட்டு வளைத்தான். வளைத்த தந்தி, எழுந்து நின்ற ஃப்ரெட்டில் மாட்டி, அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. அடுத்ததும் வந்தது. அடுத்ததும். எட்டு ஒலிபெருக்கியிலும் ஒரு சத்தம் கேட்டது பாருங்கள். கழுதை, வயிற்றுவலிக் கழுதை, கிணற்றில் விழுந்து கத்துகிற மாதிரி.

கொட்டு நின்றது. தாய்மாமன் நின்றார்.

"என்னையப் பாத்துக் கழுதை மாதிரி வாசிக்கச் சொன்னது எவன்டா?"

அப்பா வீட்டுப் பக்கம் ஒரு கிழவர், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னார். "சொல்லவா வேணும்? வர்றது யாருன்னு அதுக்கே தெரியுது."

முதல் தேங்காய் அந்தக் கிழவரின் வெற்றிலை வாயிலேயே விழுந்தது. அப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று கேட்காதீர்கள். வாழைத்தார் தலைக்கு மேல் பறக்கிறது. சீர்த்தட்டுகள் விஷ்ணு சக்கரம் மாதிரி சுற்றிக்கொண்டு போய்க் காது காதாகச் சீவுகின்றன. ஒருத்தர் மைக் ஸ்டாண்டால் நாலு பேரைச் சாய்த்தார், ஐந்தாவது ஆள் அவர் சொந்தத் தம்பி. சமையல்காரர் குழம்புக் கரண்டியோடு இறங்கினார், அவர் எந்தக் கட்சி என்று அவருக்கே தெரியாது. காது குத்த வந்த ஆசாரி ஊசியைப் பிடித்துக்கொண்டு ஓடினார், ஓடிய வழியில் பதினோரு பேருக்குக் குத்தினார், ஒன்றுகூடக் காதில் இல்லை. கொட்டகைக் கால் முறிந்து தகரம் ஒரு பக்கம் இறங்கியது. கிடாய் மட்டும் சீர்ப் பழத்தைத் தின்றுகொண்டு நின்றது. அன்றைக்கு அதை வெட்ட ஆள் இல்லை.

அத்தனைக்கும் நடுவில் பெலவேந்திரன் வந்தான், சார். என்னை நோக்கி. எவனோ ஒருத்தன் பெலவேந்திரன் முதுகில் நாற்காலியை உடைத்தான், இவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெற்றியில் ஒரு தேங்காய் பட்டு, தேங்காய் உடைந்தது. விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வருகிறான். "பதினெட்டு... பத்தொம்பது..." நான் கறி வெட்டுகிற இடத்தில் ஒரு அண்டாவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அண்டாவை ஒரு உதை விட்டான். என்னை மல்லாக்கத் தள்ளி, மார்பில் உட்கார்ந்தான். என் இரண்டு முழங்கையும் அவன் முழங்காலுக்குக் கீழே. எண்பத்தைந்து கிலோ. என் சுண்டுவிரலை வலது கையால் பிடித்தான்.

நான் கத்தினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஐயோ அம்மா என்று கத்தினேன். ஜனம் திரும்பிவிடும் என்று பயந்து அவன் இடது கையால் என் வாயைப் பொத்தினான்.

அவன் விரல் என் பல்லுக்கு நடுவில் வந்துவிட்டது.

நானாகக் கூப்பிட்டேனா? கை நீட்டினேனா? என் கை எங்கே இருந்தது என்றுதான் சொன்னேனே. அவன் என் விரலை ஒடிக்க அழுத்தினான், அழுத்தம் அதிகமானது, வலியில் எந்த மனிதனுக்கும் வாய் தானாக மூடும். கோர்ட்டிலும் இதைத்தான் சொன்னேன். தானாக மூடியது. ஒரு நொடிதான். டக் என்று ஒரு சத்தம். அவன் முகம் வெள்ளையாகப் போயிற்று. அப்படியே பக்கத்தில் சாய்ந்தான். இடது கை மோதிர விரலில் மேல் கணு இல்லை.

நான் விழுங்கவில்லை. சத்தியமாகத் துப்பினேன். ஆனால் எங்கே துப்பினேன்? கறி வெட்டுகிற இடத்தில். அங்கே இரண்டு கிடாய் துண்டு துண்டாக இலை மேல் கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தத் துண்டு கிடைத்தால் ஒட்டலாம் என்றார். ஏட்டு ஒருத்தர் போய் ஒரு வாளி நிறையக் கொண்டு வந்தார். டாக்டர் வாளியைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? தாய்மாமன் வீடும் அப்பா வீடும் அன்றைக்குச் சாயங்காலமே சமாதானம். வாய்க்கால் தகராறும் தீர்ந்தது. இரண்டு வீடும் சேர்ந்து ஒரே ஒரு புகார் கொடுத்தார்கள், என் மேல்.

என் சுண்டுவிரல் கோணலாயிற்று. இதோ பாருங்கள், கொக்கி மாதிரி. முறுக்கைப் பிடிக்க வசதியாகத்தான் இருக்கிறது. மீதி ஒன்பதும் பத்திரம்.

நான் ஜாமீனில் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கிதாரைத் தேடி எடுத்தேன். தகரத்துக்கு அடியில் கிடந்தது. மெழுகை எல்லாம் சுரண்டி எடுத்து, கீறல்களைச் சுத்தம் பண்ணி, ஜெர்மன் சில்வர் வாங்கி, முள் வைத்தது, இருபத்திரண்டையும் பொறுமையாக அடித்து, மட்டம் பார்த்து, முனை ராவி, பிலோமி கையில் கொடுத்து அவன் வீட்டுக்கு அனுப்பினேன். யார் செய்வார்கள்? கடிபட்டவன் வீட்டுக்குக் கடித்தவன் யாராவது... சரி, விடுங்கள். அவன் அம்மா பிலோமியை விளக்குமாறால் அடித்தாள். பிலோமி திருப்பி அடித்துவிட்டுத்தான் வந்தாள்.

ஒரு வருஷம் அவன் கிதாரைத் தொடவில்லை. அப்புறம் என்ன தோன்றியதோ, ஒரு இருமல் மருந்து பாட்டிலின் கழுத்தை அறுத்து, அந்த மொட்டை விரலில் மோதிரம் மாதிரி மாட்டிக்கொண்டான். தந்தியை உயர்த்திக் கட்டினான். கண்ணாடியைத் தந்தியின் மேல் வழுக்க விட்டு வாசிக்கிறான். அழுத்துவதே இல்லை. நீங்களே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், சார். பெண் பிள்ளை அழுகிற மாதிரி இருக்கும், அழுதுகொண்டே சிரிக்கிற மாதிரியும் இருக்கும். இன்றைக்கு அவனுக்குச் சென்னையில் கச்சேரி, சிங்கப்பூரில் கச்சேரி.

இப்போது நீங்களே நியாயம் சொல்லுங்கள். தந்தி ஃப்ரெட்டைத் தொடுவதே இல்லை. நான் அடித்த இருபத்திரண்டும் பதினோரு வருஷமாகப் புத்தம் புதுசாக இருக்கிறது, ஒன்றில்கூடப் பள்ளம் இல்லை, ஒன்றுகூட இரையவில்லை. இப்படி ஒரு வேலை எந்த ரிப்பேர்க்காரன் செய்து கொடுத்திருக்கிறான்? ஒரு நன்றி உண்டா? என் பெயரை ஒரு இடத்தில் சொன்னானா?

போன மாதம் டிவியில் பேட்டி. அந்தப் பெண் கேட்கிறாள், "இந்த பாணி உங்களுக்கு எப்படி சார் வந்தது?" என்று. பிலோமியைக்கூடக் கூப்பிட்டு உட்காரவைத்தேன், இப்போது சொல்வான் பார் என்று. அவன் கையைத் தூக்கிக் காட்டி, "ஒரு விபத்து நடந்துச்சுங்க" என்றான்.

விபத்தாம்.

என் வாயில் முதலில் வந்தது அவன் நடுவிரல், சார். அதில்லாமல் ஒன்றும் வாசிக்க முடியாது என்று நாக்கால் தள்ளிவிட்டு, மோதிர விரலுக்கு வந்து, எலும்பில் படாமல், கணு பார்த்து, ஒரே கடி. ஐம்பது வருஷத் தொழிலில் ஒரு ஃப்ரெட் முனையைக்கூட அவ்வளவு சுத்தமாக நான் வெட்டியதில்லை.